பழைய பார்க்கர் 51: ஏரோமெட்ரிக்கா, வாக்குமேட்டிக்கா?

மும்பை சோர் பஜாரில் மட்டன் தெருப் பக்கம் பழைய இங்க் பேனா தேடி அலைந்தால், என்றாவது ஒரு பார்க்கர் 51 கண்ணில் படும். வாங்கிச் சுத்தம் செய்து எழுத வேண்டும் என்று நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வகை என்பதைத்தான். 1941-ல் வந்தபோது இந்தப் பேனா வாக்குமேட்டிக் முறையில், அதாவது வால் பக்கத்து ரப்பர் ஜவ்வை இயக்கி, மை இழுத்தது. 1948-ல் ஏரோமெட்ரிக், அதாவது உள்ளே இருக்கும் மைப் பையை அழுத்தி நிரப்பும் வகை, வந்தது. மேலுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்: நிப்பின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும், உடல் வழுவழுப்பான அக்ரிலிக். விலை, நிறம், மூடி எல்லாம் அவரவர் விருப்பம்.

அடையாளம் காண்பது சுலபம். பேனாவின் வால் பக்கம் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்து, அங்கே சின்ன மூடி கழன்று வந்தால் வாக்குமேட்டிக். கோடே இல்லாமல், நடுவில் திருகினால் உடல் முழுதும் கழன்று உள்ளே வெள்ளி நிறக் குழல் தெரிந்தால் ஏரோமெட்ரிக்.

நான் எடுத்தது ஏரோமெட்ரிக். காரணம் ஒன்றே ஒன்று, உள்ளே இருக்கும் பை. மற்ற பழைய பேனாக்களில் மைப் பை ரப்பரால் ஆனது. அது காலப்போக்கில் கல்லாக இறுகும், இல்லாவிட்டால் பிசினாக உருகும். பார்க்கர் இதற்கு வைத்தது பிவிசி பை. எழுபது வருடம் கழித்தும் பெரும்பாலும் வளைந்து கொடுக்கிறது. மைக்கறை ஏறிப் பழுப்பாக இருந்தாலும் வேலை செய்யும். கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, நிப்பை முக்கி, குழலில் உள்ள பட்டையை அழுத்திப் பாருங்கள். குமிழ் வந்து, விட்டதும் தண்ணீர் ஏறினால் பை உயிரோடு இருக்கிறது.

அப்புறம் செய்ய வேண்டியது பொறுமையாக ஊறவைப்பதுதான். நிப்புக்குப் பின்னால், மூடிய கூட்டுக்குள், கலெக்டர் என்ற பாகம் இருக்கிறது. மீன் செவுள் மாதிரி நெருக்கமான தகடுகள்; பழைய மை அங்கேதான் காய்ந்து அடைத்திருக்கும். நிப் பக்கத்தைச் சாதாரணத் தண்ணீரில் இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் அழுத்தி வெளியேற்ற வேண்டும். நீலம் நூலாக இறங்கும். தெளிந்துவிட்டது என்று நினைத்து மறுநாள் பார்த்தால் டம்ளர் மறுபடி நீலமாக இருக்கும். தண்ணீர் தெளிவாகவே நிற்கும்வரை தொடர வேண்டும். பிடிவாதமான கறைக்குத் தண்ணீரில் சில சொட்டு அம்மோனியா போதும். வெந்நீரும் ஸ்பிரிட்டும் வேண்டவே வேண்டாம். கூட்டைக் கழற்றாமலே என் பேனா எழுதத் தொடங்கிவிட்டது.

வாக்குமேட்டிக்கில் தனிப் பை கிடையாது, உடலே மைக்கூடு. வால் பக்கம் ஒரு ரப்பர் ஜவ்வு மேலும் கீழும் போய் மையை இழுக்கும். கொள்ளளவு சற்று அதிகம், அது நிஜமான அனுகூலம். ஆனால் ஜவ்வு ரப்பர்தானே. மாற்றாத பழைய பேனா என்றால் அது போயிருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும். மாற்றுவதற்கு ஜவ்வு பொருந்தியிருக்கும் பாகத்தைப் பிடித்துத் திருக அதற்கென்றே உள்ள கருவி வேண்டும், லேசான சூடு காட்ட வேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ரப்பரைச் சுரண்டி எடுக்க வேண்டும், புது ஜவ்வின் நுனிக் குண்டை அதன் குழிக்குள் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். மாட்டுங்காவில் ஒரு நண்பர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், என் கையால் செய்ததில்லை. அதனால் இது பார்த்தவன் சொல்வது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் புது ஜவ்வும் ரப்பர்தான், மும்பையின் புழுக்கத்தில் அதற்கும் ஒரு நாள் வயதாகும்.

சேகரிப்பவருக்குக் கணக்கு வேறு. ஆரம்ப வருடங்களின் வாக்குமேட்டிக்குக்கு அவர்களிடம் தனி மதிப்பு உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால், ஜவ்வு மாற்றி முடித்த பேனாவாகப் பார்த்துக் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்கலாம்.

எழுதத்தான் வேண்டும் என்றால் ஏரோமெட்ரிக். இரண்டுக்கும் சாதாரண நீல மையே போடுங்கள். ஓவியம் வரையும் இந்தியன் இங்க் உள்ளே போனால் கலெக்டர் அடைத்துக்கொள்ளும், அதை ஊறவைத்து எடுப்பது பெரும் பாடு.