சுங்கை சிப்புட் கிளினிக்கில் ஆண்களுக்கான பிஆர்பி ஆலோசனை

சுங்கை சிப்புட் கடைவரிசையில் இருக்கும் இந்தக் கிளினிக்கிற்கு, குழந்தைப்பேறு தள்ளிப்போவதால் நானும் என் மனைவியும் பிஆர்பி (PRP) பற்றிக் கேட்கச் சென்றிருந்தோம்; நம் இரத்தத்திலிருந்தே, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை அது. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்ததுண்டா என்று மருத்துவர் முதலிலேயே கேட்டது எனக்குப் பிடித்திருந்தது; 2020 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுள்ள பாராகுவாட் என்ற களைக்கொல்லி, உயிரணுக்களில் ஆக்சிஜனேற்றச் சிதைவை உண்டாக்கும் நஞ்சு அல்லவா?

விந்தணுவின் சவ்வில் எளிதில் சிதையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி என்பதையும், அதைக் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் விந்தணுவினுள் குறைவு என்பதையும், அதனால் மரபணு இழைகளும் அறுபடக்கூடும் என்பதையும் அவர் நல்ல தமிழில், அவசரமில்லாமல் விளக்கினார். மூட்டுவலிக்காக வந்த ஒரு பெரியவரின் இரத்தம் சுழற்றப்பட்ட குழாயையும் காட்டினார்: அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் மெல்லிய வெளிர்படலம். அந்தப் பிளாஸ்மாவில் செறியும் தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் விரைகளையும் சீராக்குமா என்பதற்கு, விலங்கு ஆய்வுகளும் மனிதர்களிடம் நடந்த சில சிறிய ஆய்வுகளுமே இன்று சான்று என்று ஒளிக்காமல் சொன்னார்.

ஊசிக்கு முன் விரை நாளப் புடைப்பு (விரைப்பை இரத்த நாளங்களின் வீக்கம்) உள்ளதா என்று சோதிக்கவும், புகைப்பதை விடவும், விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆவதால் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரவும் அறிவுறுத்தினார். முகப்பில் ஒட்டியுள்ள ‘உறுதியான பலன்’ என்ற விளம்பரம் மட்டும் அவருடைய நேர்மைக்குப் பொருந்தவில்லை. அதை நிர்வாகம் உடனே அகற்ற வேண்டும்.