1810-இன் மதராஸ் சிப்பாய் உடை: தலைப்பாகையை முதலில் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள்

கிராண்ட் போர்ட் கடற்போர் என்றால் மொரிஷியஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் பிரெஞ்சுத் தளபதி துப்பரே, ஆங்கிலேயத் தளபதி வில்லோபி என்ற இருவரின் பெயர் தெரியும். காயம்பட்ட இருவருக்கும் ஒரே கூரையின் கீழ் மருத்துவம் பார்த்த மாயேபூர் வீடுதான் இன்றைய தேசிய வரலாற்று அருங்காட்சியகம். அது 1810 ஆகஸ்ட். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 29 அன்று, தீவின் வடகரையில் இறங்கிய ஆங்கிலேயப் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். டிசம்பர் 3-இல் தீவு பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயரிடம் கைமாறியது. அந்தச் சிப்பாயின் பெயரைக் கேட்டால்தான் யாரிடமும் பதில் இல்லை. நம் மொழி பேசியவர்களும் இருந்த அணி அது. பள்ளி விழாவிலும் கோவில் மண்டபத்திலும் அந்த மனிதனை மறுபடி நிற்க வைக்க நினைப்பவர்களுக்காக, போர்ட் லூயித் தையற்கடை ஒன்று இப்போது முழு உடையும் தைத்துக் கொடுக்கிறது. மேலங்கி, அரைக்கால் சராய், தலைப்பாகை, குறுக்கு வார்கள், தோட்டாப் பெட்டி, மரத்துப்பாக்கி, ஒரு பயிற்சி அட்டை ஆகியவை இதில் அடக்கம்.

பெரிய பிழை தலையில்தான் இருக்கிறது. மூங்கில் சட்டத்தின்மேல் நீலத்துணி சுற்றிய தலைப்பாகையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார்கள். சட்டம் லேசானது, நெற்றியில் அழுத்துவதில்லை. ஆனால் முன்பக்கம் அழகுக்காக ஒரு தோல் குஞ்சத்தை வைத்துத் தைத்துவிட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குக் காரணங்களில் ஒன்றே இந்தத் தோல். அதற்கு முந்தைய நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறை, தோல் குஞ்சம் வைத்த வட்டத் தொப்பி போன்ற தலைப்பாகையைக் கட்டாயமாக்கியது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் சொன்னது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போன பிறகு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே நான்கே ஆண்டு கழித்துக் கப்பலேறி இங்கே வந்த சிப்பாயின் தலையில் தோல் குஞ்சம் வைப்பது, அவன் எதற்காகக் கொதித்தானோ அதையே அவனுக்கு அணிவிப்பதாகும். நான்கு தையலைப் பிரித்தால் குஞ்சம் கையோடு வந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

இதே காரணத்தால், அணிபவர் திருநீறோ நாமமோ இட்டுக்கொள்ளட்டும். முஸ்லிம் சிப்பாயாக நிற்பவர் தாடியோடு நிற்கட்டும். மதராஸ் படை தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த படை. எல்லாருக்கும் ஒரே முகம் போடாதீர்கள்.

மேலங்கி அருமை. பாலியெஸ்டர் பளபளப்பு இல்லாத முரட்டுக் கம்பளி, உள்ளே பருத்தி அஸ்தர். கழுத்துப் பட்டைக்கும் கைமடிப்புக்கும் எல்லா அளவிலும் மஞ்சள்தான் தருகிறார்கள், அது சரியில்லை. அந்த நிறம் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறும். எந்தப் பிரிவு என்று முடிவாகும்வரை அந்த இரண்டையும் ஓட்டுத்தையலில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றுவது சுலபம். நவம்பர், டிசம்பர் வெயிலில் இதைப் போட்டு 20 நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்காதீர்கள். கழற்றியதும் நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மடித்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அக்குளில் பூஞ்சை பிடிக்கும்.

வெள்ளைச் சராய் தொடைவரை வருகிறது, அளவு சரி. ஓரத்தின் நீல ரம்பப்பல் கரையைக் கையால் வெட்டி ஒட்டுத்துணியாகத் தைத்திருக்கிறார்கள், அச்சு நாடா இல்லை. நீலத்துணியைத் தைக்கும் முன்பே தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசியிருக்க வேண்டும். அலசாததால் முதல் சலவையிலேயே வெள்ளையில் நீலம் இறங்குகிறது. காலுக்குச் செருப்புதான், பூட்ஸ் வேண்டாம்.

வார்களில் தோட்டாப் பெட்டியின் வார் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கும், துப்பாக்கி ஈட்டியின் வார் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கும் போக வேண்டும். முழங்கையை மடித்தால் பெட்டியின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கடையில் வரும் நீளத்தில் பெட்டி தொடையில் இடிக்கிறது, 6 செ.மீ. குறையுங்கள். வெள்ளை ஷூ பாலிஷ் பூசினால் வெடித்து உதிரும். வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீராகக் கரைத்து மூன்று மெல்லிய பூச்சாகப் பூசினால் நிற்கும்.

மரத்துப்பாக்கி 2 கிலோகூட இல்லை. அதைப் பிடித்து நிற்பவரின் தோளைப் பார்த்தாலே விளையாட்டுப் பொருள் என்று தெரிந்துவிடுகிறது. அந்தக் காலத்து ‘இந்தியா பேட்டர்ன்’ துப்பாக்கியின் குழல் 39 அங்குலம், மொத்த எடை 4 கிலோவுக்கு மேல். உள்ளூர்த் தச்சரிடம் கட்டையை மறுபடி செய்யச் சொல்லி, குழலுக்கு 22 மி.மீ. உருட்டுக் கம்பியை 99 செ.மீ. நீளத்துக்கு வையுங்கள். அதுவே ஏறக்குறைய 3 கிலோ வரும். குழாய் வேண்டாம், கம்பியே வேண்டும். முனையில் 2 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் துளையிட்டால் பார்வைக்குப் போதும், எதையும் சுட முடியாது. அப்படியும் பொது இடத்துக்கு எடுத்துப் போகும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம். முதலில் குழலில் வெடிமருந்தை இடித்துவிட்டுக் கடைசியில் கிண்ணியில் (தீப்பொறி விழும் சிறு குழிவில்) மருந்து போடச் சொல்கிறது. தோட்டா வைத்துச் சுடும்போது வரிசை வேறு. தீக்கல் பிடித்த சுத்தியலைப் பாதி பின்னுக்கு இழு, தோட்டாவின் தாளைப் பல்லால் கடி, கிண்ணியில் கொஞ்சம் மருந்து கொட்டு, மூடு, மிச்சத்தைக் குழலில் ஊற்று, குண்டையும் தாளையும் சேர்த்துத் தண்டால் இடி. தாளைக் கடிக்கும் இடத்தில் பன்றி, மாட்டுக் கொழுப்புக் கதையை அச்சடித்திருக்கிறார்கள். அது 1857-இன் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டா, 1810-இல் இல்லவே இல்லை. கட்டளை கொடுப்பவரை ‘கேப்டன்’ என்று போட்டிருப்பதும் தப்பு. இந்தியர் ஒருவர் அன்று எட்டக்கூடிய உச்சப் பதவி சுபேதார். அதற்குக் கீழே ஜமேதார், அவில்தார், நாயக், அப்புறம் சிப்பாய்.