பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் இருக்க இத்தாலியன் எதற்கு?

வெளிநாட்டு மொழி ஒன்று படிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எது வேலைக்கு உதவும்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு இத்தாலியன் பதில் இல்லை. ஜெர்மனியில் நர்ஸ் வேலையோ இன்ஜினியர் வேலையோ தேடுகிறீர்களா, ஜெர்மன் படியுங்கள். சென்னையிலேயே மாக்ஸ்முல்லர் பவன் இருக்கிறது. கனடாவின் கியூபெக் போக நினைத்தால் பிரெஞ்சு. ஸ்பானிஷ் சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழி. இத்தாலியனுக்கோ இத்தாலி, சுவிட்சர்லாந்து, சான் மரினோ, வத்திக்கான், அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்தேதான் இத்தாலியனுக்குப் பரிந்து பேசுகிறேன். அது நம் வாயில் வந்து உட்காருவதுபோல் மற்ற மூன்றும் உட்காருவதில்லை.

பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவள் நான். மார்க் வந்தது, பேச்சு வரவில்லை. 'பேசு' என்ற வினையை நீ, அவன், அவர்கள் என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுத வேண்டும். காதில் விழுவது மூன்றுக்கும் ஒரே 'பார்ல்'. இத்தாலியனில் பார்லோ என்றால் பேசுகிறேன், பார்லியாமோ என்றால் பேசுகிறோம். 'நான்', 'நாம்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், விகுதியே ஆளைக் காட்டிவிடும். நாம் "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புகிற மாதிரி.

ஸ்பானிஷிலும் இது உண்டே என்பீர்கள். உண்டு. எழுதியதை அப்படியே வாசிக்கலாம் என்பதும் அங்கே உண்டு. ஆனால் இத்தாலியனின் இரட்டை ஒற்று அங்கே கிடையாது. காஸா என்றால் வீடு. கஸ்ஸா என்றால் கடையில் பணம் கட்டும் கல்லா. நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்கள் தடுமாறும் இடம் இது. பலி, பல்லி என்று பேசி வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். 1680இல் இத்தாலியில் பிறந்து, இங்கே வந்து சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவருக்கும் தமிழின் ஒற்றுகள் இப்படித்தான் எளிதாக வசப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜெர்மனையும் குறைசொல்ல மனமில்லை. வேற்றுமை உருபு நமக்குப் பழகியது. துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதும் நம் வழக்கம்தான். சிறுமியைக் குறிக்கும் சொல் இலக்கணப்படி 'அது' என்று வரும்போதுதான் தலை சுற்றும். இத்தாலியனில் இரண்டே பால். பெரும்பாலும் ஓ-வில் முடிந்தால் ஆண், ஆ-வில் முடிந்தால் பெண். ஆனால் ஆங்கிலத்தின் ஒற்றை 'தி'க்கு இங்கே ஏழு வடிவங்கள். ஆர்ட்டிக்கிளே இல்லாத தமிழிலிருந்து போகிறவரை அது நன்றாகவே படுத்தும். என்னை இன்னும் படுத்துகிறது.

இசை படிப்பவர் வீட்டில் இருந்தால் தயங்கவே வேண்டாம். அண்ணன் மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்கு 'டா காப்போ அல் ஃபீனே' என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். காப்போ என்றால் தலை, ஃபீனே என்றால் முடிவு என்றேன். "அப்ப மறுபடி பல்லவியிலேர்ந்தா, அத்தை?" என்று கேட்டாள். பியானோ என்றால் மென்மையாக, ஃபோர்த்தே என்றால் பலமாக. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வாத்தியத்தின் முழுப்பெயர். ஸ்பானிஷோ ஜெர்மனோ இந்த அளவுக்கு நோட்டேஷன் தாளைத் திறந்துவிடாது.

மிலான், டூரின் பக்கம் எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள், "கிளாஸ் இங்கிலீஷ்லதானே?" என்பார்கள். பல படிப்புகளில் அது உண்மை. ஆனால் போய் இறங்கி 8 வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ என்ற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். தபால் நிலையம், குவெஸ்தூரா என்ற போலீஸ் அலுவலகம், வீட்டுக்காரர் என்று எல்லா இடத்திலும் இத்தாலியன்தான். ஏ2 என்ற அடிப்படை நிலை அளவுக்காவது இங்கேயே படித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கேயே தங்கிவிட்டால் குடியுரிமை கேட்கவும் 2018 முதல் அதற்கு அடுத்த நிலையான பி1 சான்று வேண்டும். சியேனாவில் உள்ள வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ், பெரூஜாவில் உள்ள அதேபோன்ற பல்கலைக்கழகம் நடத்தும் செலி, இந்த இரண்டு தேர்வுகளில் எதை எழுதினாலும் ஏற்பார்கள்.