இரணைமடுக் குளக்கட்டில் ஒரு மாலை: கிளிநொச்சி ஏற்பாட்டாளர் ஒருவரின் சேவை பற்றி

நான்கு ஆண்டுகளாக நேசித்து வந்த பெண்ணிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்பதற்காக, கடந்த தை மாதத்தில் கிளிநொச்சி நகரிலுள்ள சிறிய அலங்கார நிலையம் ஒன்றின் உதவியை நாடினேன். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, மணவறை அலங்காரம் என்பவற்றைச் செய்து வந்த அந்த நிலையத்தார், அண்மைக் காலமாக, காதலர் ஒருவர் மற்றவருக்கு முன்கூட்டித் தெரியாமல் இத்தகைய மாலைப்பொழுதை ஒழுங்குசெய்யவும் உதவுகிறார்கள். பெயரை வெளியிட்டால் ஊரார் எங்கள் இருவரையும் இலகுவில் இனங்கண்டுகொள்வார்கள் என்பதாலும், பின்னர் எழுதவுள்ள ஒரு பிழைக்காக ஒரு சிறிய தொழில் முழுவதும் பழிசுமக்கக் கூடாது என்பதாலும், நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் சந்திப்பில் விலைப்பட்டியலைத்தான் எதிர்பார்த்துச் சென்றிருந்தேன். நிலையத்தை நடத்தும் அக்கா, தொலைபேசியில் இருந்த படங்களைக் காட்டுவதற்கு முன்பாகவே, “அந்தப் பிள்ளைக்கு உங்களைத் திருமணம் செய்ய விருப்பம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும், தம்பி?” என்று கேட்டார். திருமணத்தைப் பற்றி நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம் என்றும், காலமும் இடமும் மட்டுமே அவருக்குத் தெரியாமல் இருக்கப்போகின்றன என்றும் சொன்ன பிறகே குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். எங்கள் நண்பர்கள் பன்னிரண்டு பேர் மறைந்திருந்து கைதட்ட வேண்டும் என்ற என்னுடைய விருப்பத்தை அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “இல்லை என்று சொல்ல நேர்ந்தால், யாருடைய முகத்தையும் பார்க்காமல் அந்தப் பிள்ளை வீடு போகக்கூடியதாக இருக்க வேண்டும், அதற்கு வழி செய்யாமல் நான் ஒரு விளக்கும் ஏற்ற மாட்டேன்” என்றார். அதன்படி, என் காதலியின் நெருங்கிய தோழி ஒருவர் மட்டும் இரணைமடுச் சந்தியில் ஸ்கூட்டருடன் காத்திருப்பது என்றும், எந்தப் பதில் கிடைத்தாலும் அவர் விரும்பினால் அந்தத் தோழியுடனேயே திரும்பலாம் என்றும் முடிவாயிற்று. நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இந்த ஓர் ஆலோசனைக்கே தகும் என்று கருதுகிறேன். சமூக ஊடகங்களில் கூட்டத்துக்கு நடுவே முழந்தாளிட்டுக் கேட்கும் காட்சிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, கேட்கப்படுபவருடைய நிலையில் நின்று அந்தக் காட்சியைப் பார்க்கத் தோன்றவில்லை.

அவருடைய தாயாருக்குச் சொல்லிவிட்டீர்களா என்பது அடுத்த கேள்வி. பெரியவர்களோ தரகரோ சம்பந்தம் பேசி, குறிப்புப் பார்த்து, பிறகு பிள்ளைகளிடம் கேட்கும் வழக்கம் இன்னும் வலுவாக இருக்கும் எங்கள் ஊரில், தாயாருக்குத் தெரியாமல் மோதிரம் போடுவது அவரை ஒதுக்கிவைத்ததாகவே கொள்ளப்படும். கணவரை இழந்து தனியாகவே இரண்டு பிள்ளைகளை வளர்த்தெடுத்த ஒருவரை அப்படி ஒதுக்க எனக்கும் மனம் இடம்தரவில்லை. ஒரு வாரம் முன்பாக அவருடைய வீட்டுக்குச் சென்று சொன்னேன். மகள் ஓம் என்றால் தனக்கும் ஓம் என்றார். மகளிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

இடத்தைத் தெரிவு செய்ததே இந்த ஏற்பாட்டின் மிகக் கடினமான பகுதி. நிலையத்தின் பட்டியலில் முதலாவதாக இருந்தது முல்லைத்தீவுக் கடற்கரை. அகன்ற மணற்பரப்பும் திறந்த வானமும் படம் எடுப்பதற்கு மிகவும் உகந்தவைதாம். எனினும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையையும், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரையும் அதே கரையோரத்தில் கண்ட குடும்பங்களுக்கு அந்தக் கடற்கரை வெறும் காட்சியாக இருக்க முடியாது. அவருடைய தந்தையார் இல்லாமற்போனதும் அந்தக் கரையோரத்திலேதான். நான் இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோது அக்காவே, “அந்தக் குடும்பத்துக்குக் கடற்கரை என்ன நினைவைத் தரும்?” என்று கேட்டுவிட்டு, பதிலை முழுவதும் கேட்காமலே அந்தப் பக்கத்தைப் புரட்டினார். வெளியூர் நிறுவனம் ஒன்றை அமர்த்தியிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்குமோ தெரியாது. வன்னியில் இதே காரியத்தை எண்ணியிருப்பவர்கள், எவ்வளவு அழகான இடமாயினும், அங்கே அவருடைய வீட்டாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்த பிறகே நாளைக் குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியில் இரணைமடுக்குளத்தைத் தெரிவு செய்தோம். கனகராயன் ஆற்றின் இரு பக்கங்களிலும் இருந்த இரண்டு மடுக்கள் பின்னர் கட்டப்பட்ட அணையினால் ஒரே நீர்ப்பரப்பாகியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இரட்டையை நாங்கள் இரணை என்றுதானே சொல்கிறோம். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தின் நடுப்பகுதி முழுவதும் இதைப் பற்றியதே. மாரி மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, அதன் நீரில் விளைந்த காலபோக நெல் அறுவடைக்கு மஞ்சளித்திருக்கும் தை மாதத்தில் அந்தக் குளக்கட்டில் நிற்பது எந்த அலங்காரமும் இல்லாமலே நிறைவைத் தரும்.

அழகோடு சில நடைமுறைச் சிக்கல்களும் அங்கே உண்டு. சூரியன் ஆறேகால் மணியளவில் மறைகிறது. அதன் பிறகு நுளம்புகள் மொய்க்கத் தொடங்கும். இருட்டிய பின் காட்டோரப் பாதைகளில் யானைகளும் நடமாடக்கூடும். ஆகவே ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் எல்லாவற்றையும் முடித்து, எடுத்துச் சென்ற பொருட்கள் அனைத்தையும் குப்பையின்றித் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குளக்கட்டில் கம்பு நடவோ கயிறு கட்டவோ கூடாது என்பதால், இருபக்கமும் மண் நிரப்பிய வாளிகளில் கம்புகளை நிறுத்தினார்கள். வாடைக்காற்றில் மெழுகுதிரி நிலைக்காது என்று அறிந்து, ஒன்பது அரிக்கன் லாம்புகளை வீடுவீடாகத் தேடிப் பெற்றிருந்தார்கள். அவற்றில் ஒன்று அக்காவின் அம்மம்மாவுடையது.

அலங்காரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் ஒரு நிறைவும் உண்டு. மலையகத்திலிருந்து ஏற்றிவரும் ரோசாப்பூக்கள் வழிப்பயணத்தில் வாடிவிடும் என்று சொல்லித் தாமரையைப் பயன்படுத்தியது நிறைவு. குருத்தோலைத் தோரணத்தில் மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் உரிய மடிப்பு வேறுபாட்டை அறியாத இளைஞர் ஒருவரிடம் அந்த வேலையை விட்டது குறை. நேரத்தோடு வந்த அக்கா அதைக் கண்டு, அவிழ்த்து, தாமே இருந்து பின்னினார். ஒளிரும் ஆங்கில எழுத்துப் பலகை ஒன்றும் தொகுப்பில் இருந்தது. அதை வேண்டாம் என்றேன், விலையைக் குறைத்துக்கொண்டார்கள். மோதிரத்தின் அளவைத் தோழியின் வழியாகப் பெற்றுத்தந்ததும் அவர்களே. தோழிகள் இருவரும் சந்தையில் விளையாட்டாக மோதிரம் போட்டுப் பார்த்தபோது பொருந்திய ஒன்றைத் தோழி வாங்கிவந்து பத்தரிடம் கொடுக்க, அரைப் பவுணில் செய்த மோதிரம் ஒரு நூலளவும் பிசகாமல் அமைந்தது.

அழைத்துவரும் முறையிலும் அவர்களின் நிதானம் தெரிந்தது. என் காதலி ஒரு குடும்பநல உத்தியோகத்தர், அதாவது அரச மருத்துவிச்சி. அவசரமாக ஒரு தாயைப் பார்க்க வேண்டும் என்று பொய்யாக அழைத்தால் உடனே வந்துவிடுவார் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். கடமையின் பெயரால் பொய் சொல்வதும், நெஞ்சு பதைக்க ஒருவரை ஓடிவரச் செய்வதும் கூடவே கூடாது என்று அக்கா தடுத்துவிட்டார். ஞாயிறு மாலை குளக்கட்டுக்குப் போவோம் என்று தோழி இயல்பாகக் கேட்டதே போதுமானதாக இருந்தது.

கட்டின் வளைவைக் கடந்து அவர் தனியாக நடந்து வந்தபோது லாம்புகள் எரிந்துகொண்டிருந்தன. கடிதத்தை நான் பாதிவரையே வாசித்தேன். “அம்மாவுக்குத் தெரியுமா?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓம் என்றார்.

அடுத்த நிமிடத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. தொகுப்பில் ட்ரோன் படப்பிடிப்பும் அடங்கியிருந்தது. அது எனக்கு வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தேன். போர்க்காலத்தில் ஆளில்லா வேவு விமானத்தை வன்னி மக்கள் வண்டு என்றார்கள்; அந்த இரைச்சல் வானத்தில் கேட்டால் அதன் பின் என்ன வரும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவர்கள் நாங்கள். நிலையத்தார் வெளியிலிருந்து அமர்த்திய படப்பிடிப்பாளர், புதருக்குப் பின்னால் நின்று நல்ல படங்களை எடுத்துவிட்டு, மகிழ்ச்சி மிகுதியில், யாரையும் கேளாமல் ட்ரோனை உயர்த்திவிட்டார். சத்தம் கேட்டதும் என் காதலி என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, லாம்பு வெளிச்சத்துக்கு வெளியே இரண்டு அடி நகர்ந்தார். அந்த அசைவை நான் மறக்கப்போவதில்லை. அக்கா கட்டின் கீழிருந்து ஓடிவந்து அதை இறக்கச் செய்வதற்கு ஒரு நிமிடமும் ஆகியிருக்காது. ஆனாலும் என் காதலியின் கை நடுக்கம் நிற்க நெடுநேரம் எடுத்தது. அனுமதி பெறாமல் ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படியும் குற்றம் என்பது வேறு விடயம். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்ன ஒன்று, களத்தில் நிற்கும் கடைசி ஆள் வரை போய்ச் சேராதது நிலையத்தின் பொறுப்பு என்று அன்றே சொன்னேன்.

அக்கா சாக்குச் சொல்லவில்லை. மறுநாள் என் காதலியின் வீட்டுக்கு நேரில் வந்து, தாயாரிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டார். ட்ரோனில் பதிவான அனைத்தையும் எங்கள் கண்முன்னே அழிக்கச் செய்தார். மொத்தக் கட்டணம் 68,000 ரூபாய். அதில் படப்பிடிப்புக்குரிய 25,000 ரூபாயை முழுவதுமாகத் திருப்பித் தந்தார். படங்களைச் சமூக ஊடகங்களில் விளம்பரத்துக்காக இடுவதற்கு எங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று தாமே சொன்னார். நாங்கள் மறுத்தோம், இன்றுவரை ஒரு படமும் வெளிவரவில்லை.

இவர்களை அமர்த்த விரும்புவோர் தை, மாசி, வைகாசி மாதங்களில் குறைந்தது மூன்று வாரம் முன்பே பேசுவது நல்லது. திருமண வேலைகள் மிகுந்த காலத்தில் அக்கா நேரில் வராமல் உதவியாளர்களை அனுப்பக்கூடும், அவர் இல்லாத களம் வேறு தரமாக இருக்கும் என்பதைத் தோரணத்திலேயே கண்டேன். படப்பிடிப்பாளரை முன்கூட்டியே சந்தித்து, எது கூடாது என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். முற்பணம் பாதி, மீதியை மறுநாள் கொடுத்தால் போதும்.

எங்கள் எழுத்தும் (திருமணப் பதிவும்) திருமணமும் வரும் வைகாசியில் நடக்கவுள்ளன. மணவறை வேலையை அதே நிலையத்திடம் ஒப்படைக்கலாம் என்று முதலில் சொன்னவர் அவருடைய தாயார். ஒப்பந்தத் தாளின் முதல் வரியில், விலைக்கும் திகதிக்கும் மேலே, ட்ரோன் இல்லை என்று அக்கா தன் கையால் எழுதி ஒப்பமிட்டுத் தந்திருக்கிறார். அதன் கீழே படப்பிடிப்பாளரின் ஒப்பமும் இருக்கிறது.