பெல்ஜியத்தில் சைக்கிள் அணியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: என் 4 லட்சத்து 80 ஆயிரம் போன கதை

சைக்கிள் ரோடு ரேஸில் தீவிரமாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

எனக்குக் கோயம்புத்தூர். ஏழு வருடமாக ரேஸ் ஓட்டுகிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஆனைகட்டி, ஞாயிற்றுக்கிழமையானால் வால்பாறை 40 கொண்டை ஊசி என்று கால் பழகியவன். மாநிலப் போட்டியில் இரண்டு முறை மேடை ஏறியிருக்கிறேன். அதற்கு மேலே போக இங்கே வழி குறைவு. வருடத்துக்கு நல்ல ரோடு ரேஸ் எத்தனை என்று கேட்டால் ஒரு கை விரல் போதும். பெல்ஜியத்தில் ஒரு கோடைக்காலம் ஓட்டினால் இங்கே அஞ்சு வருடம் ஓட்டியதற்குச் சமம் என்று எங்கள் குழுவில் எல்லோரும் சொல்வோம். அது உண்மையும்தான். பெங்களூரின் சைக்கிள் வீரர் நவீன் ஜான் அங்கே போய் ஓட்டிப் பழகியவர், பிறகு ஆஸ்திரேலிய கான்டினென்டல் அணி (சர்வதேச அணிகளில் மூன்றாம் படி) ஒன்றிலும் ஓட்டினார். நமக்கும் ஒரு வழி இருக்கிறது என்று என் மாதிரிப் பலர் நினைத்தது அவரைப் பார்த்துத்தான்.

அந்த ஆசையைத்தான் ஒருவர் விலை பேசினார். பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. ஒரு ரேஸ் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது வந்து பேசினார். என் பவர் எண்களை, அதாவது எவ்வளவு சக்தியோடு மிதிக்கிறேன் என்ற அளவுகளை எல்லாம் கேட்டார். ரெண்டு நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. மூன்று மாதம், 20 ரேஸ், அணி வீட்டில் தங்கல், மெக்கானிக், மசாஜ், கடைசியில் ஒரு கான்டினென்டல் அணியில் "ஸ்டஜியேர் ஒப்பந்தம்". அப்புறம் போன். "ப்ரோ, ரெண்டு ஸ்லாட்தான் மிச்சம். நாளைக்குள்ள சொல்லுங்க, பஞ்சாப் பையன் ஒருத்தன் காத்திருக்கான்."

அப்பா எடுத்த சீட்டுப் பணம் மூன்று லட்சம், மீதி அக்கா கொடுத்தாள். நாலு தவணையாக அனுப்பினோம். நாலும் நாலு வேறு தனிநபர் கணக்குக்கு. நிறுவனத்தின் பெயரில் ஒரு ரசீதுகூட வரவில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "ஏப்பா, ஒரு பேர்ல அனுப்பச் சொல்லக்கூடாதா?" என்று அப்பா கேட்டார். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

மே மாதம் போய் இறங்கினேன். அவுடெனார்டே பக்கம் ஒரு கிராமம். டூர் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ் என்ற பெரிய ரேஸ் 2012 முதல் முடியும் ஊர் அவுடெனார்டே. அந்த ரேஸில் வரும் கொப்பென்பெர்க் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்: 600 மீட்டர் கல் பாவிய ஏற்றம், செங்குத்தான இடத்தில் 22 சதவீதம். முதல் நாளே போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை, இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

வீட்டில் மூன்று அறை, ஒன்பது பேர். ஒரே கழிப்பறை. மெக்கானிக் என்று யாரும் இல்லை, கொட்டகையில் ஒரு பம்பும் ஒரு உடைந்த ஸ்டாண்டும் இருந்தன. மசாஜ் கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர் மட்டும் இருந்தார். அவர்தான் எங்களை வேனில் ரேஸுக்குக் கூட்டிப்போய் முதுகில் குத்த நம்பரை வாங்கிக்கொண்டு வந்து தருவார். "அணி எப்போ வரும்?" என்று கேட்டபோது எனக்கு முன்னால் வந்திருந்த நியூசிலாந்துப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அணி என்று ஒன்று இல்லை, இது வாடகை வீடு, அவ்வளவுதான் என்றான்.

அன்று இரவுதான் உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐயின் தளத்தைத் திறந்து பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது அது. உலகத்தில் பதிவான ஒவ்வொரு அணியும், அதில் யார் யார் ஓட்டுகிறார்கள் என்பதும் அங்கே இருக்கிறது. வேர்ல்ட் டீம், புரோ டீம், கான்டினென்டல் என்று மூன்று படி. எனக்குச் சொன்ன பெயர் மூன்றிலும் இல்லை. பிடிஎஃபில் இருந்த சின்னம் ஒரு உள்ளூர் கிளப்புடையது. அந்தக் கிளப்புக்கு எழுதிக் கேட்டேன். தங்களுக்கும் அந்த ஏஜெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று மறுநாளே பதில் போட்டார்கள்.

ஸ்டஜியேர் என்ற சொல்லையும் தேடினேன். சீசனின் கடைசி மாதங்களில் இளம் வீரர்களைச் சோதனையாகச் சேர்த்துப் பார்க்கும் முறை அது. மேல் இரண்டு படி அணிகளுக்குத்தான் அது உண்டு, ஆகஸ்ட் 1-இல்தான் தொடங்கும். என் விசா ஷெங்கன் குறுகிய கால விசா, 180 நாளில் 90 நாள். ஜூலையோடு முடிந்துவிடும். அதாவது அவர் எனக்கு விற்ற ஒப்பந்தம் எந்தக் கணக்கிலும் நடக்க வாய்ப்பே இல்லாத ஒன்று.

இன்னொன்று. கான்டினென்டல் அணி என்றாலே சம்பளம் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். வேர்ல்ட் டீமில் ஊழியராக ஓட்டும் வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 40 ஆயிரம் யூரோவுக்கு மேல் என்று விதி இருக்கிறது, புதுமுகங்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. கான்டினென்டலுக்கு அப்படி ஒரு அடிமட்டத்தை யூசிஐ வைக்கவில்லை. சம்பளமே இல்லாமல் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அந்தப் படியில் ஏராளம். இந்த இடைவெளியில்தான் காசு வாங்கி இடம் விற்கும் பழக்கம் முளைக்கிறது. இத்தாலியில் அதற்கு மேல்படியிலேயே வீரர்கள் பணம் கொடுத்து இடம் பிடிக்கிறார்கள் என்று 2015-இல் பெரிய விவகாரம் வெடித்தது. அங்கேயே அந்த நிலை என்றால் மொழி தெரியாமல், ஆள் தெரியாமல் போகிற நம் பிள்ளைகள் எவ்வளவு சுலபமாக மாட்டுவார்கள் என்று யோசியுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த நாளைச் சொல்கிறேன்.

நாங்கள் ஓட்டியதெல்லாம் கெர்மிஸ் ரேஸ். கெர்மிஸ் என்றால் ஊர்த் திருவிழா. நம்ம பக்கம் நோம்பிக்கு ரேக்ளா வைப்பதுபோல அங்கே திருவிழாவுக்கு சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். ஊரைச் சுற்றி ஏழெட்டு கிலோமீட்டர் சுற்று, மொத்தம் 100, 120 கிலோமீட்டர். வேலை நாளிலும் மதியம் இரண்டு மூன்று மணிக்குத் தொடங்கிவிடும். தாத்தா பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ரேஸ் கொடூரமானது. கான்கிரீட் பாளங்களுக்கு நடுவே டயர் இறங்கும் அளவுக்கு இடைவெளி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு முழு வேகம், பக்கக் காற்று அடித்தால் முன்னால் இருப்பவர்கள் சாலை முழுக்கச் சாய்வாக விரிந்து ஓட்டுவார்கள். அந்த வரிசையில் இடம் கிடைக்காதவன் சாலை ஓரத்துப் புல்லை ஒட்டித் தனியாகக் காற்றை வாங்க வேண்டியதுதான். முதல் நாலு ரேஸில் மொத்தச் சுற்றுகளில் பாதிகூட நான் தாங்கவில்லை. பின்தங்கினால் நடுவர் கை காட்டி வெளியே போகச் சொல்லிவிடுவார்.

ஐந்தாவது ரேஸ் அன்று வேன் பழுது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் வரவில்லை. நியூசிலாந்துப் பையனும் நானும் 25 கிலோமீட்டர் மிதித்துக்கொண்டே போனோம். பதிவு ஒரு காபிக்கடையில். உள்ளே பியர் வாசனை, ஓரத்து மேசையில் ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும். முன்னால் ஒரு தகர டப்பா, கட்டுக் கட்டாக நம்பர், ஊக்குகள். என் ரேஸ் உரிமத்தையும் நம் இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் அனுமதிக் கடிதத்தையும் நீட்டினேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். "இந்தியாவா!" என்று சிரித்தார். எவ்வளவு என்று கேட்டேன். சொன்ன தொகை பத்து யூரோகூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் நம்பருக்கான முன்பணம், ரேஸ் முடிந்து நம்பரைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா நாணயங்களை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.

என் பிடிஎஃபில் "ரேஸ் நுழைவுக் கட்டணம்: ஒன்றுக்கு 65 யூரோ, 20 ரேஸ், 1300 யூரோ" என்று இருந்தது. நம் காசுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அந்த நாணயங்களைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். அப்பாவின் சீட்டு ஞாபகம் வந்தது. ஏழு வருடத்தில் எந்த ரேஸும் என்னை அப்படி அடித்ததில்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு ரேஸை முடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 41-ஆவது இடம். பரிசுக்குள் வரவில்லை. ஆனால் கடைசிச் சுற்றில் பெலட்டானுக்குள், அதாவது வீரர்களின் பெருங்கூட்டத்துக்குள் இருந்தேன்.

அப்புறம் நானே பதிவு செய்து ஓட்ட ஆரம்பித்தேன். ஏழாவது வாரம் முன்னால் போனவன் சறுக்கி நானும் விழுந்தேன். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரி நல்ல மாதிரி, கவனித்தார்கள். ஆனால் பில்லைக் காப்பீட்டுக்கு அனுப்பியபோது மறுத்துவிட்டார்கள். ஏஜெண்ட் எடுத்துக் கொடுத்தது விசாவுக்குக் கட்டாயமான 30 ஆயிரம் யூரோ பயணக் காப்பீடு. அதற்குள்ளே போட்டி விளையாட்டில் ஏற்படும் காயம் சேராது என்று ஒரு வரி இருந்தது. சைக்கிள் ரேஸ் ஓட்ட அழைத்துப் போகிறவர், ரேஸில் விழுந்தால் செல்லாத காப்பீட்டைத் தருகிறார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மணிக்கட்டுக்குப் பதில் தலையில் அடிபட்டிருந்தால் வீட்டில் என்ன செய்திருப்பார்கள்?

பெல்ஜியம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், ஆனால் நீங்களே போங்கள். உரிமமும் வெளிநாட்டில் ஓட்ட அனுமதிக் கடிதமும் நம் கூட்டமைப்பு மட்டுமே தர முடியும், அதற்கு நடுவில் யாருக்கும் "பிராசஸிங்" பணம் தேவையில்லை. என்னிடம் அதற்கு மட்டும் 25 ஆயிரம் வாங்கினார். போட்டி விளையாட்டைச் சேர்த்த காப்பீடா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாடகையை வீட்டுக்காரரிடம் நேராகப் பேசுங்கள். அணி என்று யாராவது சொன்னால் யூசிஐ பட்டியலைத் திறந்து, அணியின் மேலாளருக்கு நேராக மின்னஞ்சல் போடுங்கள். ரைடர் ஏஜெண்டுகளுக்கும் யூசிஐ தேர்வு வைத்து அனுமதி கொடுக்கிறது, அந்தப் பட்டியலும் இருக்கிறது. ஒழுங்கான ஏஜெண்ட் நீங்கள் வாங்கப்போகும் சம்பளத்தில் பங்கு எடுப்பார், உங்கள் அப்பாவிடம் முன்பணம் கேட்க மாட்டார்.

ஊர் திரும்பியதும் பண மோசடிப் புகாருக்கான சைபர் கிரைம் எண் 1930-க்கு அழைத்தேன், காவல் நிலையத்தில் எழுதியும் கொடுத்தேன். பணம் அனுப்பி மாதக்கணக்கு ஆகிவிட்டதால் கணக்கை முடக்குவது கஷ்டம் என்றார்கள். பணம் போன அன்றே அழைத்திருந்தால் வாய்ப்பு அதிகம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் இரண்டு தடவையாக 40 ஆயிரம் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்.

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி அந்தப் பிடிஎஃபை எனக்கு அனுப்பி, "அண்ணா, இது நம்பலாமா?" என்று கேட்டான். புதுசாக ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். "எங்கள் வீரர்" என்ற தலைப்பில் என் படம். முதுகில் நம்பரோடு, கல் பாவிய ஒரு தெருவில். பார்த்ததும் தெரிந்துவிட்டது: காபிக்கடை மேசையில் நானே காசு கொடுத்து நம்பர் வாங்கி ஓட்டிய அந்த நாள்.