டைமிங் பெல்ட்டை வைத்து எடுத்த முடிவு: மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே 944

முப்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதன் பராமரிப்பை வீட்டு வாசலிலேயே என் கையால் செய்துகொள்வது என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் தீர்மானித்தபோது, கழித்துக் கழித்துப் பார்த்து என் பட்டியலில் எஞ்சியவை இரண்டு: 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1982 முதல் 1991 வரை உற்பத்தியான போர்ஷே 944. இருக்கைக்குப் பின்னால் எஞ்சினை வைத்திருக்கும் டொயோட்டா எம்ஆர்2-ஐ, கை நுழைய இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக முதலிலேயே கைவிட்டேன். இரண்டு கார்களையும் ஓட்டிப் பார்த்து, டார்ச் விளக்கோடு அவற்றின் அடியில் படுத்தும் பார்த்துவிட்டு, 1991-இன் பிற்பகுதியில் தயாரான 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினேன். அதே ஆண்டில் நண்பர் ஒருவர் 1986-ஆம் ஆண்டு 944 ஒன்றை வாங்கினார். அவருடைய வேலைகளுக்கு நானும், என் வேலைகளுக்கு அவரும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு அன்று. ஒரு காரைச் சொந்தமாகவும், மற்றதை அடுத்த வீட்டுப் பிள்ளையைப்போலவும் அறிந்தவனின் கணக்கு.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 944-இன் 2.5 லிட்டர் எஞ்சின் ஐரோப்பிய வடிவில் 163 குதிரைத்திறன் தரும்; எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 115 மட்டுமே தரும். நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் பயணம் செய்ய 944 மேல். வளைந்து நெளிந்த கிராமப்புறச் சாலையில் கூரையை மடக்கிவிட்டுப் போக, ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள எம்எக்ஸ்-5 மேல். இதில் யார் எதை விரும்புவார்கள் என்பது அவரவர் மனம். ஆனால் வாரக்கடைசியில் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுக் காரின் அடியில் நுழையப் போகிறவருக்கு, இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு எஞ்சினின் முன்பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஓடுகிறது. அதுதான் டைமிங் பெல்ட்.

இரண்டு கார்களிலும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் என்ற தண்டோடு சேர்த்துச் சுழற்றுவது ரப்பர் பெல்ட்தான்; இரண்டிலும் அதைக் காலம் தவறாமல் மாற்றியாக வேண்டும். வேறுபாடு, பெல்ட் அறுந்தாலோ பல் தவறினாலோ உள்ளே என்ன நடக்கும் என்பதில் இருக்கிறது. 944-இன் எஞ்சினில், திறந்து நிற்கும் வால்வின் பாதையும் மேலேறி வரும் பிஸ்டனின் பாதையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கேம்ஷாஃப்ட் நின்றுபோய்க் கிராங்க் மட்டும் சுழன்றால் வால்வுகள் வளையும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய வழியில்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் 1.6, 1.8 எஞ்சின்கள் இரண்டிலும் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே போதிய இடைவெளி உண்டு. பெல்ட் அறுந்தால் கார் நின்றுவிடும், அவ்வளவுதான். புதிய பெல்ட்டைப் போட்டு மீண்டும் ஓட்டலாம்.

இதை வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் அதன் முழுப் பொருளும் விளங்கியது நானே பெல்ட்டை மாற்றிய நாளில்தான். கூலன்ட்டை வடித்து, முன்பக்க பெல்ட்டுகளையும் கேம் கவரையும் கிராங்க் புல்லியையும் கழற்றி, இரண்டு கேம்ஷாஃப்ட் பல்சக்கரங்களிலும் உள்ள ‘ஐ’ (இன்டேக்), ‘இ’ (எக்சாஸ்ட்) குறிகளைப் பின்தகட்டிலுள்ள குறிகளோடு நேர்ப்படுத்தி, இரண்டு குறிகளுக்கும் இடையே பெல்ட்டில் 19 பற்கள் இருக்கின்றனவா என்று எண்ணி, எல்லாவற்றையும் மூடினேன். எண்ணினேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் உயிர்பெற்றது, ஆனால் சும்மா நிற்கும்போது கிழட்டு டிராக்டரைப்போலக் குலுங்கியது. மறுபடி திறந்து பார்த்தால், எக்சாஸ்ட் பக்கக் கேம்ஷாஃப்ட் ஒரு பல் தள்ளி நின்றது. அந்தத் தவற்றுக்கு நான் கொடுத்த விலை ஒரு ஞாயிற்றுக்கிழமையும், மீண்டும் நிரப்பிய கூலன்ட்டும் மட்டுமே.

944-இல் ஒரு பல் பிசகினால் அந்தக் கணமே எஞ்சின் பாழாகும் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே ஆபத்து வேறு வழியில் வருகிறது: பெல்ட்டின் இறுக்கம். 1987-க்கு முந்தைய கார்களில் அந்த இறுக்கத்தைக் கையால்தான் வைக்க வேண்டும். அதை அளப்பதற்கென்று போர்ஷே வகுத்த தனிக் கருவி, பி9201 என்ற எண்ணால் அறியப்படுவது, விலை கூடியது; அதனால் பலர் பெல்ட்டை விரலால் முறுக்கிப் பார்த்து, தொண்ணூறு பாகை திரும்பினால் சரி என்று கணிக்கிறார்கள். தேர்ந்த கைக்கு அது போதும். என் கை தேர்ந்த கை அன்று. இறுக்கம் குறைந்தால் பெல்ட் பல் தாவும்; கூடினால் தாங்குருளைகள் தேயும். புதிய பெல்ட் போட்டபின் சுமார் 2,000 மைல் ஓடியதும் மூடியைத் திறந்து இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்பது வேறு.

அதோடும் முடியவில்லை. நான்கு சிலிண்டர்களைக்கொண்டு 2.5 லிட்டர் கொள்ளளவு என்பதால் ஏற்படும் அதிர்வை அடக்க, மிட்சுபிஷியிடமிருந்து உரிமம் பெற்ற முறைப்படி, கிராங்கைப்போல் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளைப் போர்ஷே இந்த எஞ்சினில் வைத்தது. நினைத்துப் பார்த்தால் அழகான பொறியியல்தான். ஆனால் அவற்றை ஓட்ட, இரண்டு பக்கமும் பல் உள்ள இன்னொரு பெல்ட் தேவைப்படுகிறது. அது அறுந்தால் எஞ்சின் நிற்காது. அறுந்த துண்டு டைமிங் பெல்ட்டில் சிக்கினால் மேலே சொன்ன கதைதான். போதாததற்கு வாட்டர் பம்ப்பையும் டைமிங் பெல்ட்டின் முதுகுதான் சுழற்றுகிறது. பம்ப்பின் பேரிங் இறுகிப்போனால் பெல்ட்டும் போகும். எம்எக்ஸ்-5-இல் வாட்டர் பம்ப்பை ஓட்டுவது வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட். பம்ப் கெட்டால் கூலன்ட் சிந்தும், எஞ்சின் சூடாகும், வெப்பமானி சொல்லும், ஓரமாக நிறுத்திவிடலாம்.

நண்பரின் 944-க்கு இரண்டு பெல்ட்டுகளையும், வாட்டர் பம்ப்பையும், கிராங்க்கின் முன் சீலையும், பேலன்ஸ் ஷாஃப்ட் சீல்களையும் சேர்த்து மாற்ற எங்கள் இருவருக்கும் மூன்று வாரக்கடைசிகள் பிடித்தன. அந்தச் சீல்களைத் தொடாமல் விட முடியாது. அவை கசிந்தால் எண்ணெய் நேராகப் பெல்ட்டின் மேல் விழும். வேலை கடினமானது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு போல்ட்டும் வேண்டிய இடத்தில் இருந்தது, எதுவும் அவசரமாகச் செய்த வேலையாகத் தெரியவில்லை, பொறுமையுள்ளவருக்கு அது இன்பமான எஞ்சின் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கடைசியில் சாவியைத் திருப்புவதற்கு முன் இருவரும் கிராங்கைக் கையால் ஆறு முறை சுற்றிப் பார்த்தோம். அப்போதும் திருப்ப மனம் வரவில்லை. 944 உரிமையாளர்கள் இந்தச் சடங்கை முப்பதாயிரம் முதல் நாற்பத்தைந்தாயிரம் மைலுக்குள், அல்லது மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்கிறார்கள். எம்எக்ஸ்-5-க்கு மாஸ்டா சொன்ன அளவு 60,000 மைல்.

இங்கே எம்எக்ஸ்-5-இன் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 1991-இன் நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க்கின் முனை குட்டையானது. பெல்ட் மாற்றும்போது அந்த முனையின் பெரிய போல்ட்டைச் சரியான அளவில் முடுக்காவிட்டால், பல்சக்கரத்தைக் கிராங்கோடு பூட்டும் சாவிப்பள்ளம் நாளடைவில் தேய்ந்து, டைமிங் ஆடத் தொடங்கி, கிராங்க்ஷாஃப்ட்டே கெட்டுப்போகும். கிராங்க் புல்லியைத் தாங்கும் தட்டில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் நீண்ட முனை. எட்டை எண்ணிப் பார்த்தபின்தான் நான் முன்பணம் கொடுத்தேன். ஆகவே மன்னிக்கும் எஞ்சின் என்று நான் புகழ்வது எல்லா எம்எக்ஸ்-5-க்கும் ஒரே அளவில் பொருந்தாது.

கிளட்ச் விஷயத்திலும் தராசு எம்எக்ஸ்-5 பக்கமே சாய்கிறது. 944-இல் எடையை முன்னும் பின்னும் சமமாகப் பகிர்வதற்காகக் கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்துவிட்டார்கள். எஞ்சினையும் அதையும் இணைப்பது ஒரு நீண்ட குழாய். கிளட்ச் இருப்பதோ முன்னால், எஞ்சினின் முதுகில். அதைத் தொட, எக்சாஸ்ட்டை இறக்கி, பின்னாலிருக்கும் கியர்பாக்ஸை இறக்கி, நடுக்குழாயைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். எம்எக்ஸ்-5-இல் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கியர்பாக்ஸை இறக்கினால் போதும். இந்த இரண்டையும் நான் என் கையால் செய்ததில்லை என்பதால், படித்ததையும் அடியில் படுத்துக் கண்டதையும் வைத்தே சொல்கிறேன். எம்எக்ஸ்-5-இல் அடிக்கடி கசிவது கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர். அதை நான் மாற்றியிருக்கிறேன். இரண்டு போல்ட், ஒரு குழாய், பிறகு காற்றை வெளியேற்றுவது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

சில்லறை வேலைகளில் பெரிய வேறுபாடு இல்லை. எம்எக்ஸ்-5-இன் எண்ணெய் ஃபில்டர் இன்டேக் குழாய்களுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. முழங்கைத் தோலைக் கொடுக்காமல் அதை எடுத்தவரை நான் கண்டதில்லை. 944 திடீரென்று உயிர்பெற மறுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எரிபொருளையும் பற்றவைப்பையும் ஆளும் டிஎம்இ-யின் ரிலே. அதனுள் ஈயப்பற்று வைத்த இணைப்பு விரிசல் விடுவது பரவலாக அறியப்பட்ட விஷயம் என்பதால், நண்பர் காருக்குள் இன்னொன்றை எப்போதும் வைத்திருக்கிறார். உதிரிப் பாகங்கள் இரண்டுக்கும் கிடைக்கின்றன. மாஸ்டா ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் சேவையைத் தொடங்கியதோடு, நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரிக்கவும் செய்தது. விலையில் மட்டும், போர்ஷே என்ற பெயர் பெட்டியின் மேல் இருப்பதற்குரிய கூலி உண்டு.

இதுவரை சொன்னதை வைத்து 944-க்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். துருவில் அது என் காரை வெல்கிறது. 944-இன் உடற்கூடு துத்தநாகப் பூச்சு பெற்ற எஃகு. நாற்பது ஆண்டுகள் கழித்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டங்களான சில்களின் பின்முனையிலும், நீர்வடிகால் அடைத்த பேட்டரித் தட்டிலும் துரு வரத்தான் செய்கிறது என்றாலும், குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டும், நான் வாழும் இங்கிலாந்தில் அது தாக்குப்பிடித்திருப்பது வியப்புக்குரியது. எம்எக்ஸ்-5-இன் சில்கள் உள்ளிருந்தே அரிக்கின்றன. மடக்குக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு வடிகால்கள் வழியே கீழே போக வேண்டும். அவை சருகும் அழுக்கும் சேர்ந்து அடைத்துவிட்டால் தண்ணீர் சில்லுக்குள்ளும் காருக்குள்ளும் இறங்கி நின்றுவிடும். சீட் பெல்ட் பிடிப்புகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் சட்டம் வலுவிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால், இங்கே ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில் கார் தேறாது. பெல்ட்டில் நான் செய்த தவற்றை எஞ்சின் மன்னித்தது. துருவுக்கு அந்தத் தாராளம் இல்லை. வெல்டிங் எனக்குத் தெரியாது. என் காரின் இடப்பக்கச் சில்லை வெளியே கொடுத்துத்தான் சரிசெய்தேன். அதற்கு ஆன செலவு, மூன்று ஆண்டுகளில் எஞ்சினுக்கு ஆன மொத்தச் செலவையும் விஞ்சியது. வெல்டிங் தெரிந்தவர் எம்எக்ஸ்-5-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தெரியாதவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும்.

சட்டமும் இப்போதைக்கு 944 பக்கம். 40 ஆண்டு கடந்த கார்களுக்கு இங்கே சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால் எம்ஓடி கட்டாயமில்லை. வரலாற்று வாகனமாகப் பதிந்துகொண்டால் லண்டனின் மாசுக் கட்டுப்பாட்டு வலயத்தில் 12.50 பவுண்டு நாள் கட்டணமும் இல்லை. தொடக்ககால 944-கள் அந்த வயதை எட்டிவிட்டன; எந்த எம்எக்ஸ்-5-உம் இன்னும் எட்டவில்லை. மறுவிற்பனையைப் பொறுத்தவரை, இரண்டையும் விற்றுப் பார்க்காத நான் எதுவும் சொல்வது முறையாகாது.

இவ்வளவுக்கும் பிறகு 944-தான் வேண்டும் என்பவர், எட்டு வால்வு எஞ்சினையும், டைமிங் பெல்ட்டைச் சுருள்வில்லே இறுக்கும் 1987-க்குப் பிந்தைய வடிவத்தையும் தேடுவது நல்லது. பதினாறு வால்வு கொண்ட எஸ், எஸ்2 வடிவங்களில் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளையும் பிணைக்கும் சங்கிலி ஒன்றும், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகளும் கூடுதலாக உண்டு. அந்தப் பட்டை நொறுங்கினால் வால்வுகள் தப்பாது. எம்எக்ஸ்-5 பார்க்கப் போகிறவர் ஒரு குடுவைத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோகட்டும். கூரையை மடக்கி, இருக்கைக்குப் பின்னாலுள்ள இரண்டு வடிகால்களிலும் மெதுவாக ஊற்றி, காரின் அடியில் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரை நனைகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். நனையவில்லையென்றால் விற்பவர் சொல்லும் எஞ்சின் கதையைக் கேட்பதற்கு முன், சில்லை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்.