துணியா, தகடா? பழைய செஸ்னா இறக்கைக்கு எது தோது

1946-இல் இருவர் அமரும் சிறிய விமானமான செஸ்னா 140 வந்தபோது உடம்பு முழுக்க அலுமினியம், இறக்கைக்கு மட்டும் துணி. 1949-இல் வந்த 140ஏ-வில் இறக்கைக்கும் தகடு போட்டுவிட்டார்கள். இறக்கையை உடம்போடு சாய்வாக இணைக்கும் இரட்டைத் தாங்குகால் ஒற்றையானது. கம்பெனியே மாறிவிட்டது, நாமும் மாற்றினால் என்ன என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் 140ஏ-வின் இறக்கை தகட்டுக்கென்றே வரையப்பட்டது. நாம் செய்யப்போவது, துணிக்காக வரைந்த எலும்புக்கூட்டின் மேல் தகடு அறையும் வேலை.

முதலில் எடை. 140-இன் இறக்கைப் பரப்பு 159 சதுர அடி. மேல்புறமும் கீழ்புறமும் சேர்த்து, ஏற்கெனவே தகடாக உள்ள முன்விளிம்பைக் கழித்தால், மூட வேண்டியது ஏறக்குறைய 23 சதுர மீட்டர். 0.016 அங்குல 2024-டி3 (விமான அலுமினியக் கலவை) தகடு சதுர மீட்டருக்கு 1.1 கிலோவுக்குச் சற்று மேல். ஆக 26 கிலோ. பாலியெஸ்டர் துணி, பூச்சு எல்லாம் சேர்ந்தும் எட்டு கிலோவைச் சுற்றித்தான் வரும். வித்தியாசம் 18 கிலோ. ரிவெட்டும் தாங்கு பட்டைகளும் தனி.

இது சின்ன எண் இல்லை. விமானத்தின் உச்ச எடை 1,450 பவுண்டு, அதாவது 658 கிலோ. வெற்று எடை 405 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 253. எரிபொருள் நிரப்பினால் 68, ஆளுக்கு 75 கிலோவாக இருவர் 150. மீதி 35 கிலோ. தகடு போட்டபின் 17. மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் மதியம் 33 டிகிரி வெயிலில், தரையில் நிற்கும்போதே எஞ்சினுக்கு 2,200 அடி உயரத்தில் உள்ளது போன்ற மெலிந்த காற்றுதான் கிடைக்கும். 85 குதிரைத்திறனுக்கு அந்த 18 கிலோ ஏறும்போது நன்றாகவே தெரியும்.

அப்படியானால் துணிதானே? அங்கேயும் நம் ஊர் வானிலை குறுக்கே நிற்கிறது. பழைய பருத்தித் துணியின் கதை முடிந்தது. புதிதாக அங்குலத்துக்கு 80 பவுண்டு தாங்கிய ஏ கிரேடு துணி 56-க்கு இறங்கினால் கழித்துவிட வேண்டும். வெயிலும் பூஞ்சையும் அதைச் சீக்கிரமே இறக்கிவிடும். இன்று யாரும் பருத்தி போடுவதில்லை, பாலியெஸ்டர்தான். அதைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். அதைத் தடுக்கும் வெள்ளிப் பூச்சு போதுமா என்று பார்க்க, இருட்டிய பிறகு பரிசோதனைத் துளை வழியாக இறக்கைக்குள் ஒரு விளக்கை விட்டுப் பாருங்கள். வெளியே வெளிச்சம் கசிந்தால் இன்னொரு கோட் அடிக்க வேண்டும்.

துணியை இறுக்குவது இஸ்திரிப் பெட்டி வேலை. முதலில் 121 டிகிரி செல்சியஸ், அடுத்து 149, கடைசியில் 177. அதையும் தாண்டி 190-க்குப் போனால் துணி தளர ஆரம்பிக்கும், திரும்ப இறுகாது. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் எண்ணை நம்பவே கூடாது, அடிப்பரப்பில் வெப்பமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பூச்சு அடிக்கும் நேரம் இன்னும் முக்கியம். பினாங்கில் விடிகாலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். அந்த நேரத்தில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து, பூச்சு மோர் தெளித்தாற்போல் வெளுத்துவிடும். காலை 11 மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் முடிப்பதே நல்லது. ரிடார்டர் என்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பான் சேர்த்தால் உலர்வது தாமதமாகும், ஆனால் வெளுக்காது.

தகட்டு வேலையில் தவறு நடப்பது பெரும்பாலும் ரிவெட் அடிப்பதற்கு முன்பே. துணி இறக்கையின் முறுக்கைப் பின் தாங்குகாலில் கொஞ்சம் சரிசெய்ய முடியும். தகடு மூடிவிட்டால் அந்த முறுக்கு அப்படியே பூட்டப்பட்டுவிடும்; அதனால் இறக்கையை அசையாத முட்டுகளில் ஏற்றி, ரிப் ரிப்பாக (இறக்கையின் குறுக்கு விலா எலும்புகள்) மட்டம் பார்த்த பிறகே துளையிட வேண்டும். 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் எண் துரப்பணம், துளை விளிம்பிலிருந்து குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். அடித்த தலை விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் வர வேண்டும். மூடும் கடைசித் தகட்டுக்குள் கை போகாது, அங்கே வெளிப்பக்கமிருந்தே அடிக்கக்கூடிய, விமான வேலைக்கென உள்ள குருட்டு ரிவெட்தான். ஹார்ட்வேர் கடை பாப் ரிவெட்டின் இரும்பு ஊசி உள்ளே தங்கித் துருப்பிடித்து, சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரித்துவிடும்.

வெயிலில் 3 மீட்டர் தகடு உள்ளே உள்ள ரிப்பைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 1.4 மில்லிமீட்டர் நீளும். டொப், டொப் என்று எண்ணெய் டின் போலச் சத்தம் வருவது அதனால்தான். சத்தத்தைவிட ரிவெட்டைச் சுற்றிக் கரும்புகை போன்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது ஆடுகிறது. பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸ் போலக் கடல் பக்கத்தில் நிற்கும் விமானத்துக்கு, ஒரு தகடு இன்னொன்றின் மேலேறும் இடம் ஒவ்வொன்றிலும் இணைக்கும் முன்பே எபாக்சி பிரைமர் கட்டாயம். இல்லையென்றால் சில வருடங்களில் அந்த இடுக்கில் அரிப்பின் வெள்ளைப் பொடி எட்டிப் பார்க்கும். துணிக்காரருக்கு ஒரு வசதி உண்டு: துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் இறக்கை முழுவதும் கண்முன் திறந்து கிடக்கும். தகட்டுக்காரர் துளை வழியே கண்ணாடி விட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஏரோன்கா சாம்ப், டெய்லர்கிராஃப்ட் போல மர ஸ்பார் (இறக்கையின் நீள முதுகெலும்பு) உள்ள விமானங்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தகடு வேண்டாம். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், தகடு அந்தப் போக்குக்கு ஒத்துப்போகாது. மூடிய பெட்டிக்குள் ஸ்பார் உளுத்தாலும் வெளியே தெரியாது. 140 போன்ற அலுமினிய ஸ்பார் விமானம், ஹேங்கர் கிடைக்காமல் வருடம் முழுக்க வெட்டவெளியில் நின்றால் தகட்டை யோசிக்கலாம். கூரை இருந்தால் பாலியெஸ்டர்தான். அந்த 18 கிலோவை எதற்காகச் சுமக்க வேண்டும்?

தகடு என்று முடிவெடுத்தாலும், 9எம் என்று தொடங்கும் மலேசியப் பதிவுள்ள விமானம் என்றால் துணியைக் கிழிக்கும் முன் அந்த மாடலுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்று வரைபடத்தோடு மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இன் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். வரைபடத்தில் உள்ளபடி தாங்குகால் பொருத்தும் இடத்துக்கும் ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) கேபிள் கப்பிகளுக்கும் நேரே பரிசோதனைத் துளைகளைத் தகடு தரையில் கிடக்கும்போதே வெட்டுங்கள். மூடிய பிறகு வெட்டினால் சீவல் எல்லாம் உள்ளேயே விழும்.